எடுத்தது ஞானஸ்நானமா, இல்லையா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: "நாசரேத் பக்கம் ஒரு ஊர். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம், 15 வயதில் திடப்படுத்தல் (அந்த விசுவாசத்தை என் வாயாலேயே உறுதிசெய்யும் சடங்கு). இப்போது வயது 29. வேலைக்குச் சென்னை வந்தபின் மூன்று வருடமாக ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். முழுக்கு (வளர்ந்தபின் தண்ணீரில் முழுகி எடுக்கும் ஞானஸ்நானம்) எடுத்தால்தான் அங்கத்தினராகலாம், அப்பத்தில் (திருவிருந்தில்) பங்கு பெறலாம், கல்யாணத்தையும் இங்கேயே நடத்தலாம் என்கிறார் பாஸ்டர். அம்மாவோ 'அப்ப நாங்க செஞ்சது என்னது?' என்று போனில் அழுகிறாள். மறுபடி ஞானஸ்நானம் எடுக்கலாமா? நான் என்ன செய்ய?"

எங்கள் சேகரத்தில் இருபது வருடத்துக்கு மேல் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தவன் நான். என் கூடப்பிறந்த தங்கச்சியே 41 வயதில் முழுக்கு எடுத்தவள். அதனால் இதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். "மறுபடி ஞானஸ்நானம்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாஸ்டரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், உடனே திருத்துவார்: "மறுபடி இல்ல சிஸ்டர், இதுதான் முதல்." சபை மாறி வருகிறவருக்கு இரண்டாவதாகக் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுக்கிற சபை ஏறக்குறைய எதுவும் கிடையாது. உங்கள் ஊர் ஐயர் (சி.எஸ்.ஐ. குருவை அப்படித்தான் அழைப்போம்), ஒன்று ஏற்கெனவே நடந்துவிட்டது என்பதால் மறுக்கிறார். பாஸ்டர், ஒன்றுமே நடக்கவில்லை என்பதால் கொடுக்க வருகிறார். ஞானஸ்நானம் ஒன்றே ஒன்றுதான் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. எபேசியர் 4:5-ஐ இருவருமே மேற்கோள் காட்டுவார்கள். ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, இன்னொன்று எடுக்கலாமா என்பதை அல்ல. மூன்று மாதத்தில் நடந்தது ஞானஸ்நானமா, இல்லையா என்பதைத்தான். அங்கே பதில் கிடைத்துவிட்டால் மற்றது தானாக விளங்கிவிடும்.

இந்தத் தகராறு நேற்று வந்ததில்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் பேராயர் சிப்ரியானுக்கும் ரோமைப் பேராயர் ஸ்தேவானுக்கும் இதே வழக்குதான். பிரிந்துபோன கூட்டத்தாரிடம் ஞானஸ்நானம் பெற்றவன் திரும்பி வந்தால் என்ன செய்வது? சபைக்கு வெளியே கொடுத்தது செல்லாது, புதிதாகக் கொடு என்றார் சிப்ரியான். 256-ல் கார்த்தேஜில் கூடிய 87 பேராயர்களும் அவர் பக்கமே நின்றார்கள். ஸ்தேவான், வேண்டாம், கைவைத்துச் சேர்த்துக்கொண்டால் போதும் என்றார். எண்ணிக்கை சிப்ரியான் பக்கம் இருந்தும், மேற்கத்திய சபை கடைசியில் ஸ்தேவான் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டது. 314-ல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம் முடிவாகச் சொன்னது: வருகிறவனிடம் விசுவாசப் பிரமாணத்தைக் கேள், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பேரில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் கைவைத்தால் போதும். பிறகு அகஸ்டின் அதற்கு விளக்கம் கொடுத்தார். பேதுரு கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துதான், யூதாஸ் கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துதான் என்று. கொடுத்த ஐயரின் யோக்கியதையைப் பொறுத்ததல்ல ஞானஸ்நானம் என்பது இதன் சாரம். "எங்க ஐயர் ரட்சிக்கப்பட்டவரே இல்ல, அவர் கொடுத்தது எப்படிச் செல்லும்?" என்று என்னிடம் கேட்காத வாலிபர் கிடையாது. 1,600 வருடத்துக்கு முன்னால் வட ஆப்பிரிக்காவில் தோனாத்துவினர் என்ற பிரிவினர் கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான்.

ஆனால் உங்கள் வழக்கு சிப்ரியான் வழக்கு இல்லை. உங்கள் பாஸ்டரின் ஆட்சேபம் யார் கொடுத்தார் என்பதில் இல்லை. யாருக்கு, எப்போது கொடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. இதன் வேர் 1525 ஜனவரி 21 இரவு, சூரிச் நகரில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரின் வீட்டில். கான்ராட் கிரேபெல், ஜார்ஜ் பிளௌரோக் என்ற முன்னாள் குருவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிளௌரோக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். அத்தனை பேரும் குழந்தையிலேயே ஞானஸ்நானம் வாங்கியவர்கள். எதிரிகள் அவர்களுக்கு 'மறுஞானஸ்நானக்காரர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர்கள் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. நாங்கள் மறுபடி கொடுக்கவில்லை, இதுதான் முதல் என்றார்கள். இரண்டு வருடம் கழித்து, 1527 ஜனவரி 5-ல், மான்ஸைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது சூரிச் நகரசபை. தண்ணீரில் பாவம் செய்தவனுக்குத் தண்ணீரிலேயே தண்டனை என்ற குரூரம் அதில் இருந்தது. கொன்றவர்களும் சீர்திருத்தக்காரர்கள்தான், கத்தோலிக்கர் அல்ல. குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரிக்கும் நம்மவர்கள் இந்தச் சம்பவத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசினால் பேச்சில் கொஞ்சம் அடக்கம் வரும்.

முழுக்குக்காரர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. அன்றிரவு அந்த வீட்டில் யாரும் யாரையும் முழுக வைக்கவில்லை, தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். விசுவாசிகள் ஞானஸ்நானத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் தொடங்கியது முழுக்கில் அல்ல.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மூரில் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம். வயது ஒன்று, தண்ணீரின் அளவு இன்னொன்று. "தலையில தெளிச்சா அது ஸ்நானமா? பேர்லயே ஸ்நானம்னு இருக்கே!" என்று கன்வென்ஷன் மேடையில் ஒரு பிரசங்கியார் கேட்க, பந்தலே கைதட்டியதைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேடிக்கைதான். மூலமொழிச் சொல்லுக்கும் அமிழ்த்துதல் என்ற பொருள் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் மாற்கு 7:4-ல் கிண்ணம் செம்பு கழுவுவதற்கும் அதே சொல் வருகிறது. ஆதித் திருச்சபையின் கைநூலான திதாகே, ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்று இறங்கி வருகிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் குழந்தையையே மூன்று தரம் முழுக்கி எடுப்பார்கள். இங்கிலாந்து திருச்சபையின் 1662 ஜெபப் புத்தகம்கூட, குழந்தை தாங்கும் என்றால் தண்ணீரில் பக்குவமாக முழுக்கு, பலவீனமாக இருந்தால் ஊற்று என்றுதான் சொல்கிறது. நம் கோயில் கல்தொட்டி எல்லாம் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நடைமுறையில் ஐயர் மூன்று விரல் நனைத்து வைப்பதோடு முடிந்துவிட்டது.

ஆகவே உங்களையே கேட்டுப் பாருங்கள்: என் உறுத்தல் தண்ணீர் குறைந்துவிட்டது என்பதா, அல்லது எனக்கு அறிவு வராத வயதில் நடந்தது என்பதா? தண்ணீர்தான் பிரச்சினை என்றால், அதற்காக இன்னொரு ஞானஸ்நானம் எடுப்பதை என்னால் ஏற்க முடியாது. அப்பத்தில் எவ்வளவு பெரிய துண்டு கிடைத்தது என்று அளப்பது போல அது. வயதுதான் உறுத்துகிறது என்றால், அது கனமான ஆட்சேபம்.

அந்த ஆட்சேபத்தோடு எப்போதும் அப்போஸ்தலர் 19 வரும். எபேசுவில் பவுல் சுமார் பன்னிரண்டு பேரைச் சந்திக்கிறார். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள், மறுபடியும் பெறுகிறார்கள். புதிய ஏற்பாட்டில் இப்படி வெளிப்படையாகச் சொல்லப்பட்ட ஒரே இடம் இதுதான், அதனால் எல்லா முழுக்குப் பிரசங்கமும் இங்கே வந்து நிற்கும். ஆனால் பவுல் அவர்களிடம் "அப்போது உனக்கு என்ன வயது?" என்று கேட்கவில்லை. எந்த ஞானஸ்நானம் என்று கேட்டார். அவர்கள் பெற்றிருந்தது யோவான் ஸ்நானகன் கொடுத்த ஞானஸ்நானம். பரிசுத்த ஆவி உண்டென்பதையே கேள்விப்படவில்லை என்கிறார்கள். உங்களுக்குப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேகரின் பெயரால் கொடுக்கப்பட்டது. இந்த வசனத்தை அப்படியே உங்கள் மேல் தூக்கிவைக்க முடியாது. இதற்கு முந்தைய அதிகாரத்திலேயே அப்பொல்லோ வருகிறார். அவரும் யோவானின் ஞானஸ்நானத்தை மாத்திரம் அறிந்தவர். அவருக்கு மறுபடி கொடுத்ததாக, அந்த நூலை எழுதிய லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுபக்கம் நம் ஆட்கள், குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்ற லீதியாள் வீட்டார், சிறைச்சாலைக்காரன் வீட்டார் என்று அடுக்குவார்கள். அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்று வேதத்தில் இல்லை. இருந்தது என்று அடித்துச் சொல்வதும் இல்லை என்று அடித்துச் சொல்வதும் ஆசைதான். வசனத்தை வைத்தே இந்த வழக்கு முடிந்திருக்குமானால் 1525-லேயே முடிந்திருக்கும்.

கார்ல் பார்த் என்ற சுவிஸ் இறையியலாளர் 1943-ல் ஞானஸ்நானம் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். குழந்தை ஞானஸ்நானத்தை அவர் அளவுக்குக் கடுமையாகத் தாக்கிய சீர்திருத்த சபைக்காரர் குறைவு. சபை அதை விட்டுவிட வேண்டும் என்றார். அதே மூச்சில், ஏற்கெனவே அப்படிப் பெற்றவர்களுக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். நடந்தது ஒழுங்கில்லாமல் நடந்தது, ஆனாலும் நடந்தது. சபை செய்த தவற்றால் கிறிஸ்துவின் செயல் வெறுமையாகிவிடாது என்பது அவர் நிலை. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் குழம்புவார்கள், எனக்கோ இதுதான் நேர்மையான இடமாகப் படுகிறது. குழந்தைக்குக் கொடுப்பது சரியா என்பதும், எனக்குக் கொடுத்தது செல்லுமா என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு நீங்கள் "சரியில்லை" என்று சொல்லிவிட்டு, இரண்டாவதற்கு "செல்லும்" என்று சொல்லலாம். உங்கள் பிள்ளைகளை அவர்களே கேட்கும் வயதுவரை விட்டுவைத்து, நீங்கள் பெற்றதைப் பெற்றதாகவே வைத்துக்கொள்ளலாம்.

மற்ற மாற்றங்களையும் கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால் சுருக்கமாக. சி.எஸ்.ஐ.யிலிருந்து கத்தோலிக்கத்துக்குப் போனால் திருமுழுக்கு திரும்பக் கிடையாது. விசுவாச அறிக்கை, உறுதிபூசுதல், நற்கருணை, அவ்வளவுதான். கத்தோலிக்கத்திலிருந்து சி.எஸ்.ஐ.க்கோ லுத்தரன் சபைக்கோ வந்தாலும் திரும்பக் கொடுப்பதில்லை. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோது யாருக்கும் புதிதாகக் கொடுக்கவில்லை. முன்பு நடந்ததா என்று நிஜமாகவே சந்தேகம் இருந்தால், "நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கிற முறை கத்தோலிக்கரிடம் உண்டு. மார்மன் சபையில் பெற்றதை வத்திக்கான் 2001-ல் செல்லாது என்றது. வார்த்தைகள் ஒன்றாக இருந்தாலும் அவர்கள் சொல்லும் திரியேகம் வேறு என்பது காரணம். 2020-ல் இன்னொரு தீர்ப்பு: "நான் உனக்கு" என்பதை மாற்றி "நாங்கள் உனக்கு" என்று குரு சொல்லியிருந்தால்கூட அது செல்லாது. கொடுக்கிறவர் கிறிஸ்து, கூட்டம் அல்ல என்பது அதற்கான விளக்கம்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் அடிக்கடி கேட்பது இரட்சணிய சேனை. சேனையில் ஞானஸ்நானமே கிடையாது, கொடியின் கீழ் உறுதிமொழிதான். அங்கிருந்து வருகிறவர் எந்தச் சபையில் எடுத்தாலும் அது முதல் ஞானஸ்நானம். தயங்க ஒன்றுமே இல்லை. இதற்கு நேர் எதிர் 'இயேசு நாமம் மட்டும்' என்கிற பெந்தெகொஸ்தே கூட்டத்தார். பெரியவராக ஆற்றில் முழுகி எடுத்திருந்தாலும், பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அவர்களுக்குச் செல்லாது, திரும்ப எடுக்கச் சொல்வார்கள். உங்கள் பாஸ்டர் எந்த நாமத்தில் கொடுக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெறச் சொல்லும் அப்போஸ்தலர் 2:38-ஐ மட்டும் சொல்லி நிறுத்தினால், நீங்கள் மாறப்போவது ஞானஸ்நானத்தில் மட்டுமல்ல, திரியேக உபதேசத்திலும்தான்.

இனி என் தங்கச்சி. தாமிரபரணியில், ஒரு சனிக்கிழமை காலை. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் துண்டும் மாற்றுச் சேலையும் பிடித்துக்கொண்டு படித்துறையில் நின்றேன். இடுப்பளவுத் தண்ணீரில் வெள்ளைச் சேலை காற்றடைத்துப் பந்துபோல மேலே வந்தது, இரண்டு சகோதரிகள் அதை அழுத்திப் பிடித்தார்கள். பாஸ்டர் அவள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தி, "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்றார். எங்கள் கோயிலில் கைக்குழந்தைக்கு ஐயர் சொல்கிற அதே வார்த்தைகள். என் மனசு அங்கேயே கேட்டது: இவளுக்கு இதைத்தானே 41 வருடத்துக்கு முன்னால் சொன்னார்கள்? ஆனால் தலையைத் தூக்கி வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்ததையும் நான் பார்த்தேன். அதை நாடகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் எடுத்தது சேர்க்கைக்காக அல்ல, கல்யாணத்துக்காக அல்ல. ஐந்து வருடம் படித்து, அழுது, மனச்சாட்சியில் தீர்ந்துபோய் எடுத்தாள். இன்றைக்கும் நான் அவள் முடிவோடு ஒத்துப்போகவில்லை. அவளோடு உட்கார்ந்து ஜெபிக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு இடித்தது அந்தக் கல்யாணம்தான். பாஸ்டர் சொன்ன காரணங்களில் அங்கத்தினர், அப்பம், கல்யாணம் மூன்றும் இருக்கிறது. "என் குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று நான் நம்புகிறேன்" என்ற வரி உங்கள் எழுத்தில் எங்கேயும் இல்லை. ஒரு சீட்டு வாங்குவதற்காக எடுக்கிற ஞானஸ்நானம், அந்தச் சபையின் உபதேசப்படியே பார்த்தாலும் தப்பு. விசுவாசத்தின் அறிக்கை இல்லாததால்தான் குழந்தைக்குக் கொடுப்பதை அவர்கள் ஏற்பதில்லை. அதே அறிக்கை இல்லாமல் 29 வயதில் எடுத்தால் மட்டும் எப்படி? இதை அவரிடமே மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல மேய்ப்பராக இருந்தால் காத்திருக்கச் சொல்வார்.

கல்யாணத்தைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம். 1872-ம் வருடத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், கிறிஸ்தவ மதத்தை அறிக்கையிடுகிறவர் எவரும் கிறிஸ்தவர் என்கிறது. முழுக்கா தெளிப்பா என்று சட்டம் கேட்பதில்லை. கேட்பது சபையின் சொந்த விதி. அந்த விதியை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. வேறு இடத்தில் தாலி கட்ட உங்களுக்கும் உரிமை உண்டு.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். சி.எஸ்.ஐ. மறுஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. எடுத்தவர்களைத் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்த ஐயர்மாரையும் பார்த்திருக்கிறேன், கண்டும் காணாமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சபை வாக்காளர் பட்டியல், ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று பின்னால் பேச்சு வரும். அம்மாவின் அழுகையில் பாதி இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். 'நாளைக்கு என் பக்கத்துல என் மக வரமாட்டாளா' என்கிற பயம். அதை உபதேசச் சண்டையாக எடுத்துக்கொண்டு வசனம் சொல்லி அடக்காதீர்கள்.

முழுக்கு எடுக்காமலே அப்பத்தில் சேர்க்கிற விசுவாச ஞானஸ்நானச் சபைகளும் உண்டு. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலநூல் தந்த ஜான் பனியன், தானே அந்த வழியில் நின்ற மேய்ப்பர். தண்ணீர் ஞானஸ்நானத்தில் உள்ள கருத்து வேறுபாடு பந்தியில் சேர்வதற்குத் தடை அல்ல என்று 1673-லேயே தனியாக எழுதி, சக பாப்டிஸ்டுகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். உங்கள் சபை அப்படி இல்லாமல் இருக்கலாம், சென்னையில் தேடினால் கிடைக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: எடுக்காதீர்கள். உங்களுக்குத் தண்ணீர் இருந்தது, திரியேகரின் நாமம் இருந்தது, 15 வயதில் பேராயர் முன்னால் நின்று உங்கள் வாயாலேயே "ஆம்" சொன்னதும் இருக்கிறது. அந்த "ஆம்" அன்றைக்கு மனப்பாடமாக இருந்திருக்கலாம், எங்கள் வகுப்பின் லட்சணம் எனக்குத் தெரியாதா! இன்றைக்கு அது நிஜமாகியிருந்தால், அதை அறிக்கையிட வழி உண்டு. ஊருக்குப் போகும்போது ஐயரிடம் கேட்டு, ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லி, ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். உடன்படிக்கை ஆராதனை நம் வழிபாட்டு முறையிலேயே இருக்கிறது. பெரும்பாலும் வருடத் தொடக்கத்தில் நடக்கும், பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், ஒரு வருடம் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்து யோசித்தும், "எனக்கு நடந்தது ஞானஸ்நானமே இல்லை" என்று உங்கள் மனச்சாட்சி அசையாமல் நின்றால், போய் எடுங்கள். ஒளித்து எடுக்காதீர்கள். ஐயரிடம் நேரில் சொல்லிவிட்டு எடுங்கள். அம்மாவையும் கூப்பிடுங்கள், வந்தாலும் வராவிட்டாலும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ஊர்க் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். தேதி, உங்கள் பெயர், அப்பா அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர், கொடுத்த ஐயரின் கையெழுத்து என்று ஒரே வரிதான் இருக்கும். ஞானப்பெற்றோர் யார் என்று பலருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். அவர்களில் ஒருவராவது உயிரோடிருந்தால் போய்ப் பாருங்கள். அன்றைக்கு உங்களுக்காக என்ன சொன்னோம் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, அதற்குப் பிறகு உங்களுக்காக ஜெபித்தார்களா என்று கேளுங்கள். பாஸ்டரையும் என்னையும் கேட்பதைவிட அவர்களைக் கேட்பதுதான் முறை.